இரண்டு தெனாரியமும் ஒரு வாக்குறுதியும்



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் நம் மனம் சாலையோரத்திலேயே நின்றுவிடுகிறது. அடிபட்டுக் கிடந்தவர், கண்டும் காணாமல் போன குரு, அவருக்குப் பின்னால் வந்த லேவியர், பிறகு இரக்கம் கொண்ட சமாரியர். அதோடு கதை முடிந்துவிட்டது போல நினைத்துக்கொள்கிறோம். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அங்கே நிறுத்தவில்லை. சமாரியர் அந்த மனிதரைச் சாவடிக்குக் கொண்டுபோய் ஓர் இரவு கவனித்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளர் கையில் கொடுக்கிறார். இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தம் வழியே போகிறார்.

ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையிலும் அதே கூலிதான் பேசப்படுகிறது. இரண்டு நாள் கூலியும் ஒரு வாக்குறுதியும் சேர்ந்துதான் அந்த மனிதரைப் பிழைக்க வைத்தன என்று சொல்லலாம். ஆனால் அவருடைய காயத்தைக் கழுவிக் கட்டுமாற்றி, கஞ்சி கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்தவர் யார்? பெயர்கூடச் சொல்லப்படாத அந்தச் சாவடிப் பொறுப்பாளர். ஒருவர் பணம் கொடுத்தார், இன்னொருவர் விழித்திருந்தார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நோயாளி எழுந்து நடந்திருக்க மாட்டார்.

இன்று நாம் பேசப்போவது கல்வி உதவித்தொகையைப் பற்றி. அதிலும், மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்ற படிப்புகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவியைப் பற்றி. அதற்கும் இந்த உவமைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். உதவித்தொகை என்பது ஏழைக்குப் போடும் தருமம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வாங்கும் பிள்ளையும் அப்படி நினைத்துக் கூனிக்குறுகிப் போகிறது. ஆனால் சமாரியர் சாவடிக்காரருக்குத் தருமம் செய்யவில்லை. அவர் வசம் ஒரு நோயாளியை ஒப்படைத்தார். அந்தப் பணம் சாவடிக்காரர் கையில் இருந்தாலும், அது அடிபட்டவருக்கான பணம். மருத்துவம் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்படும் தொகையும் அப்படித்தான். பிள்ளையின் கையில் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது அந்தப் பிள்ளை இன்னும் சந்திக்காத யாரோ ஒரு நோயாளிக்குச் சேரவேண்டியது.

இதை வாழ்ந்து காட்டிய ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். வேலூரின் ஐடா ஸ்கடரை நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். நாம் சொல்ல வந்தவரை அந்த அளவுக்குத் தெரியாது. அவர் பெயர் மேரி குளோரி. 1887ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில், பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பையும் பல்கலைக்கழகப் படிப்பையும் அவருக்குச் சாத்தியமாக்கியது, தேர்வெழுதி அவர் பெற்ற உதவித்தொகைகள்தான். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் படிப்பில் சேர்ந்தார், பிறகு மருத்துவத்துக்கு மாறினார். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவராவது அரிதாக இருந்த காலம் அது. பட்டம் வாங்கினாலும் பயிற்சி மருத்துவராக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் தயங்கின. அவர் நியூசிலாந்து போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பவேண்டியிருந்தது.

திரும்பி வந்தபின் மெல்பர்ன் நகரின் நடுவே நல்ல தொழில் அமைந்தது. கண் மருத்துவத்தில் பெயர் வாங்கினார். 1916இல் கத்தோலிக்கப் பெண்களின் சமூக அமைப்பு ஒன்று அங்கே தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் தொழிலாளர்களின் நிலை, தாய்சேய் நலம் என்று பேசவும் எழுதவும் செய்தார். இதை நாம் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைமைப் பண்பு என்றாலே மேடையும் மாலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு அது நோயாளியின் படுக்கையருகே தொடங்கியது. நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கேட்க, வீடு, கூலி, உணவு, தண்ணீர் என்று விரிந்தது.

1915இல் ஒருநாள் சிறிய நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து பெண் மருத்துவரைப் பற்றியது அது. இந்தியாவில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போகாமலேயே பிரசவத்தில் இறந்துபோவதையும், பெண் மருத்துவர்கள் இல்லாததால் குழந்தைகள் மடிவதையும் அது சொல்லியது. மெக்லாரன் முதிய வயதில் ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனை தொடங்க உழைத்தவர். அப்போது துறவற சபைச் சகோதரிகள் மருத்துவம் பார்க்கத் திருஅவைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கு. அந்தத் தடையை நீக்கும்படி மெக்லாரன் பலமுறை உரோமைக்குப் போய் முறையிட்டார். பலன் காணாமலேயே 1913இல் இறந்தார். ஆனாலும் அவருடைய உழைப்பு இருவரைத் தட்டி எழுப்பியது. ஒருவர் மேரி குளோரி. மற்றவர் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த அன்னா டெங்கல். மெக்லாரனுக்குக் கடிதம் எழுதி, அவர் காட்டிய வழியில் அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் படித்து, ராவல்பிண்டியில் பணியாற்றி, 1925இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவியவர். சகோதரிகள் மருத்துவம் பார்க்கத் திருஅவை பொதுவாக அனுமதி கொடுத்தது 1936இல்தான்.

மேரி குளோரி அதுவரை காத்திருக்கவில்லை. 1920ஆம் ஆண்டு தொடக்கத்தில் கப்பலேறி ஆந்திராவின் குண்டூருக்கு வந்து சேர்ந்தார். இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திருஇதயத்தின் சகோதரி மேரி ஆனார். திருத்தந்தையின் தனி அனுமதியோடு துறவற உடையில் மருத்துவம் பார்த்தார். மெல்பர்னில் அவருக்கு இருந்த வருமானம், பெயர், உறவினர் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. குண்டூரில் சிறிய மருந்தகமாக இருந்ததை வளர்த்துப் புனித சூசையப்பர் மருத்துவமனை ஆக்கினார். உள்ளூர்ப் பெண்களுக்குச் செவிலியமும், மருந்து கலக்கும் வேலையும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆகவே, தம்மைப் போல இன்னும் பலரை உருவாக்குவதிலேயே கண்ணாக இருந்தார். 1943இல், நாடெங்கும் தனித்தனியாக இயங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்று சேர்க்கச் சில சகோதரிகளோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக, ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளும் மருந்தகங்களும் சேர்ந்த குடும்பமாக இருக்கிறது.

அவருக்கு ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது. அது நிறைவேறுமுன் 1957இல் பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார். ஆறு ஆண்டு கழித்து, 1963இல், அதே பெங்களூரில் இந்திய ஆயர் பேரவை புனித யோவான் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. 2013இல் திருஅவை மேரி குளோரியை இறை ஊழியர் என்று அறிவித்தது. அவருடைய சொந்த மாநிலத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட ஒரு படிப்புத் தொகை, இத்தனை தூரம் போகும் என்று கொடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கல்லூரியும் சரி, வேலூரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சரி, படிக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கின்றன: படித்து முடித்து எங்கே போவாய்? வேலூரில் திருச்சபைகளும் மறைப்பணி மருத்துவமனைகளும் தங்கள் பிள்ளைகளைப் பரிந்துரைத்து அனுப்புகின்றன. கட்டணம் மற்ற தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள், தேவை அதிகமுள்ள இடத்தில் பணியாற்ற எழுதிக் கொடுக்கவேண்டும். புனித யோவான் கல்லூரியிலும் மருத்துவ வசதி குறைந்த இடங்களில் பணியாற்றும் கடமை உண்டு. துறவறச் சகோதரிகளுக்குச் சேர்க்கையில் அங்கே முன்னுரிமை தரப்படுவதும் இதே எண்ணத்தில்தான்.

இந்த இரண்டு ஆண்டைப் பலர் தண்டனை போலப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். உடன் படித்தவர் மேற்படிப்புக்குப் போய்விட்டார், நான் மட்டும் ஜார்க்கண்டில் ஒரு காட்டோர மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறேனே என்ற வருத்தம் இயல்பானது. பணத்தைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் காட்டோர மருத்துவமனையில் அன்று இரவு பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு, கட்டப்பட்ட பணம் சிசேரியன் செய்யாது. சாவடிக்காரர் இரண்டு தெனாரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும். வங்கியில் கல்விக் கடன் வாங்கி, அம்மாவின் நகையை அடகு வைத்து பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒரு பெண், வளைகுடா நாட்டுக்கோ இங்கிலாந்துக்கோ போவதைப் பார்த்து, சேவை மனப்பான்மை இல்லை என்று குறை கூற நமக்கு உரிமை இல்லை. அவள் தலையில் கடனை ஏற்றி வைத்தது நாம்தான். சொந்த ஊரில் செவிலியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் வட்டிகூடக் கட்ட முடியாது என்பது நம் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கே தெரியும். கடனில் படித்தவரிடம் வங்கி கேட்கும். உதவித்தொகையில் படித்தவரிடம்தான் சமூகம் கேட்கமுடியும். எனவே நம் பிள்ளைகள் நம் ஊரிலேயே பணியாற்ற வேண்டும் என்று விரும்பினால், அவர்கள் கடனின்றிப் படிக்க நாம் வழி செய்திருக்க வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2017இல், பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதா இறந்தபோது நாம் எல்லாரும் கலங்கினோம். அதற்குப் பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிவிட்டது, விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020இல் நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமானது. முதல் ஆண்டிலேயே அப்படி ஒதுக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் 300ஐத் தாண்டின.

அந்த முதல் கலந்தாய்வில் நடந்த ஒன்றை நாம் மறக்கக்கூடாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே ஊருக்குத் திரும்பினார்கள். அதன் பிறகுதான், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இன்று வெள்ளை அங்கி அணிந்து அரசு மருத்துவமனை வார்டுகளில் நடக்கிறார்கள் என்றால், இடமும் பணமும் சேர்ந்து கிடைத்ததால்தான்.

நம் பங்குக் குடும்பங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த 7.5 விழுக்காடு அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்க்கவேண்டும் என்று நீதிமன்றம் வரை போனதும் பலிக்கவில்லை. நம் உதவிபெறும் பள்ளியில் படிப்பதும் அதே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான்; வகுப்பறையும் வீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருப்பது போலத்தான். இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு, அந்தப் பள்ளிகளை நடத்தும் நமக்கே முதலில் உண்டு என்று நினைக்கிறோம். நீட் பயிற்சிக்கோ, துணை மருத்துவப் படிப்புக்கோ ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பிள்ளைகளை ஒரு பள்ளி தத்தெடுத்தால்கூட அது பெரிய தொடக்கம்.

வேறு உதவிகளில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் அது பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024இல் இதே உதவி வந்தது. அதேபோல, ஆதிதிராவிடர் குலத்திலிருந்து கிறிஸ்தவர்களானோர் மத்திய அரசின் பட்டியலில் இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் தமிழ்நாடு அரசு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையைக் கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் வழங்குகிறது. நமக்கு எதுவும் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடும் குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவத் துறை என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும் என்று பிள்ளையின் கழுத்தில் கத்தி வைக்காதீர்கள். ஓர் ஆண்டு நீட் போனால் உயிரே போனது போல வீட்டில் நடந்துகொள்ளாதீர்கள். நாம் இழந்த பிள்ளைகள் போதும். மூன்றாண்டு டிப்ளமோ நர்சிங், நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, மருந்தியல், ஆய்வக நுட்பம், டயாலிசிஸ் நுட்பம் என்று எத்தனையோ வாசல்கள் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய மருத்துவரை அவர் எப்போதாவதுதான் பார்க்கிறார். ஊசி குத்தும் அந்தத் தொழில்நுட்பப் பணியாளரின் கை மென்மையாக இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை. இந்த உவமையின் சாவடிப் பொறுப்பாளரும் மருத்துவப் பட்டம் வாங்கியவர் அல்லர்.

படிக்கும் காலத்திலேயே சேவையும் தொடங்கிவிடலாம். விடுமுறைக்கு ஊர் வரும் நர்சிங் மாணவி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் ஆலய வளாகத்தில் அமர்ந்து முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கலாம். சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட பாட்டியை அடையாளம் கண்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் சேர்த்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகலாம். பேசத் தயங்கிக் கூச்சப்பட்ட ஒரு பெண், பத்துப் பேர் முன்னால் தைரியமாக விளக்கம் சொல்லத் தொடங்குவதும் அங்கேதான். பின்னாளில் ஒரு வார்டின் பொறுப்பை ஏற்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பங்குகள் செய்யக்கூடியது என்ன? அரசு கட்டணத்தைக் கட்டினாலும், முதல் மாதத்தில் கைச்செலவு வந்துவிடும். சீருடை, அங்கி, ஸ்டெதாஸ்கோப், கனமான ஆங்கிலப் பாடநூல்கள், ஊருக்கும் கல்லூரிக்கும் பேருந்துச் செலவு, விடுதிக்குப் படுக்கையும் வாளியும். இந்தச் சின்னத் தொகைக்காகத்தான் பல தாய்மார் வட்டிக்கு வாங்குகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையோ அன்பியங்களோ இந்த முதல் மாதத்தை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். பணம் கொடுத்ததோடு நிற்காமல், சமாரியர் திரும்பி வருவேன் என்று சொன்னது போல, நாமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய், ஆங்கிலப் பாடம் புரிகிறதா, விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்கவேண்டும். தமிழ் வழியில் படித்து முதலாண்டு உடற்கூறியலில் திணறிக் கல்லூரியை விட்டு ஓடிவர நினைக்கும் பிள்ளைக்கு, அந்த ஒரு தொலைபேசி அழைப்பு ஐயாயிரம் ரூபாயைவிடப் பெரிது. நம் பங்கிலேயே ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்களே, இந்த அழைப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

இப்போதே செய்யவேண்டிய வேலை ஒன்றும் உண்டு. தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல், சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால் அதற்கான சான்று ஆகியவற்றுக்கு அருகிலுள்ள இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து வெவ்வேறு பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கவேண்டும். கலந்தாய்வு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா, சான்றிதழ்களில் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திருமுழுக்குப் பெயர் ஒன்றும் பள்ளிப் பெயர் வேறொன்றுமாக இருக்கும் பிள்ளைகள் பள்ளிப் பெயரையே எல்லா விண்ணப்பத்திலும் எழுதட்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்குச் சான்றுகளோடு வாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளையோர் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள்.